'ஸ்கேன் எல்லாம் நார்மல்... ஆனா உட்கார முடியல!' - இடுப்பு நரம்பு வலியை கண்டுபிடிப்பது எப்படி?

நாற்காலியில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் அடியில் எரிச்சல். எழுந்து நின்றால் கொஞ்சம் பரவாயில்லை. படுத்தால் நிம்மதி. மறுபடி உட்கார்ந்தால் மறுபடியும் அதே வலி. யூரின் டெஸ்ட், ஸ்கேன், எம்.ஆர்.ஐ எல்லாம் எடுத்தாச்சு. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. கடைசியில், "டென்ஷனை குறைங்க, சரியாயிடும்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இப்படி மாதக்கணக்கில் அலைபவர்களுக்கு இருப்பது 'புடெண்டல் நியூரால்ஜியா' என்ற நரம்பு வலியாக இருக்கலாம்.

எந்த நரம்பு இது?

முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் இருந்து கிளம்பி, ஆசனவாய், பிறப்புறுப்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு உணர்ச்சியை கொண்டு செல்வது புடெண்டல் நரம்பு. சிறுநீர், மலத்தை அடக்கும் தசைகளும் இதன் கட்டுப்பாட்டில்தான் உள்ளன.

போகும் வழியில் இரண்டு தசைநார்களுக்கு நடுவிலும், 'அல்காக் கால்வாய்' என்ற குறுகலான பாதையிலும் இது நுழைய வேண்டும். அங்கே அழுத்தம் ஏற்பட்டால் வலி தொடங்குகிறது. நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவது, மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பது, சிரமமான பிரசவம், இடுப்பில் நடந்த ஆபரேஷன், மலச்சிக்கலால் முக்கி முக்கி மலம் கழிப்பது ஆகியவை முக்கிய காரணங்கள். ஆண், பெண் இருவருக்கும் வரும்.

ரிப்போர்ட்டில் ஏன் தெரிவதில்லை?

நரம்பு அழுத்தப்படுவது வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. கட்டி, தொற்று போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்யவே ஸ்கேன் உதவும். அதனால், 'ஸ்கேன் நார்மல்' என்றால் 'வலி பொய்' என்று அர்த்தமில்லை.

பிரான்ஸின் நான்ட் நகர மருத்துவர்கள் முன்னின்று உருவாக்கி, 2008ல் வெளியான 'நான்ட் அளவுகோல்' 5 விஷயங்களை பார்க்கச் சொல்கிறது.

* இந்த நரம்பு செல்லும் பகுதியில் வலி இருக்க வேண்டும்
* உட்கார்ந்தால் வலி கூட வேண்டும்
* வலியால் இரவு தூக்கம் கலையக் கூடாது
* பரிசோதனையில் மரத்துப்போன உணர்வு இருக்கக் கூடாது
* நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போட்டால் வலி குறைய வேண்டும்

இதில் முதல் மூன்றையும் நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் டாக்டருக்கு தெரியும். டாய்லெட் சீட்டில் உட்காரும்போது மட்டும் வலி குறைவது இன்னொரு முக்கியமான தடயம்.

என்ன சிகிச்சை?

முதல் வேலை, அழுத்தத்தை குறைப்பது. நடுவில் வெட்டுவிட்ட குஷன், அடிக்கடி எழுந்து நடப்பது, சைக்கிளுக்கு பிரேக், மலச்சிக்கலை சரிசெய்வது ஆகியவை இதில் அடங்கும்.

அடுத்தது பிசியோதெரபி. இங்கே ஒரு எச்சரிக்கை. யூடியூப் பார்த்து கீகல் பயிற்சியை தொடங்கிவிட வேண்டாம். பலருக்கு இடுப்புத் தளத் தசை ஏற்கெனவே இறுகித்தான் இருக்கும். அதை தளர்த்துவதுதான் தேவை. மேலும் இறுக்கினால் வலி கூடலாம்.

சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாக கேட்காது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மருந்துகளை டாக்டர்கள் பரிந்துரைப்பார்கள். தூக்கம், தலைசுற்றல் வரலாம் என்பதால் சொந்தமாக வாங்கி சாப்பிடக் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் நரம்பு ஊசி.

எதற்கும் சரிவராதவர்களுக்கே ஆபரேஷன். நான்ட் மருத்துவர்கள் 32 பேரிடம் நடத்தி 2005ல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு கூடுதல் பலன் கிடைத்தது. ஆனால் 32 என்பது சிறிய எண்ணிக்கை. எல்லோருக்கும் வலி முழுதாக போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது. நரம்பு ஆறவும் மாதங்கள் ஆகும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

தொடை இடுக்கில் திடீரென மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் தானாக வெளியேறுவது, கால் பலவீனம். இவற்றில் ஒன்று வந்தாலும் அது தண்டுவட நரம்புப் பிரச்னையாக இருக்கலாம். உடனே எமர்ஜென்சிக்கு போக வேண்டும்.

கூச்சம்தான் தடை

'புடெண்டல்' என்ற பெயரே 'வெட்கப்படுதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்ததுதான். "அந்த இடத்துல வலிக்குது" என்று சொல்ல கூச்சப்பட்டு, 'இடுப்பு வலி' என்று பொதுவாக சொன்னால் டாக்டரின் கவனம் முதுகெலும்பு பக்கம் போய்விடும். எங்கே வலிக்கிறது, உட்கார்ந்தால் என்ன ஆகிறது, படுத்தால் என்ன ஆகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து, அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டுங்கள். வாயால் சொல்ல முடியாததை அந்தத் தாள் சொல்லிவிடும்.