முன்வரிசையை எதனால் அளப்பது?

ஆட்டம் முடிந்ததும் யாரைப் புகழ்கிறோம்? பந்தை எறிந்தவனை, அதைப் பிடித்தவனை, பிடித்துக்கொண்டு ஓடியவனை. எறிபவனுக்கு முன்னே அரணாக நின்ற ஐவரின் பெயரைச் சொல்லுங்கள் என்றால், அமெரிக்கக் கால்பந்தில் ஆர்வமுள்ள நண்பர்களிலும் பாதிப்பேர் விழிப்பார்கள். சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்துக்காகத் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்போர் நம் விடுதியிலும் சிலர் உளர். அவர்களுக்காகவும், “அதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று அவர்களைக் கேட்போருக்காகவும் இதனை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்வரிசையின் தகுதியை ஆட்டத்தின் விளைவைக் கொண்டு அளப்பது தவறு. அவர்கள் செய்த வேலையைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

ஆட்டத்தை அறியாதோர்க்கு ஒரு சொல். ஓர் அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. அதன் முன்வரிசையில் ஐவர்: நடுவே சென்டர், அவனுக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டாக்கிள்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரிகள் நெருங்காமல் தடுப்பதும், பந்துடன் ஓடுபவனுக்கு வழி திறப்பதும் இவர்கள் வேலை. சென்டர் பந்தைப் பின்னே கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிறான். மற்ற நால்வரும் பெரும்பாலும் பந்தைத் தொடுவதே இல்லை. தொடாதவனுக்குக் கணக்கேட்டில் எண் ஏது?

எண் இல்லாத இடத்தில் மக்கள் பிறர் எண்ணைக் கடன் வாங்குகிறார்கள். பந்தை எறியுமுன் குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவதற்கு ‘சாக்’ என்று பெயர். 1982 முதல் அதனை வீழ்த்தியவனின் பெயரில் அதிகாரபூர்வமாகப் பதிவு செய்கிறார்கள். அதையே திருப்பிப்போட்டு, “எத்தனை சாக் கொடுத்தார்கள்?” என்று முன்வரிசைக்கு மதிப்பெண் இடுகிறார்கள். இதிலுள்ள குறை வெளிப்படை. பந்தை இரண்டு விநாடியில் எறிந்துவிடுபவனுக்கு முன் நிற்கும் சுமாரான வரிசையும் நல்ல பெயர் எடுக்கும். நான்கு விநாடி வைத்துக்கொண்டு தயங்குபவனுக்கு முன் நிற்கும் சிறந்த வரிசையும் பழி சுமக்கும். இரு காரணங்கள் கலந்த விளைவை ஒன்றன் தலையில் கட்டினால், நம் செய்முறைத் தேர்வில் சுழிதானே கிடைக்கும்?

கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் நடந்த 55ஆம் சூப்பர் பௌலில் டாம்பா பே அணியிடம் 31–9 என்று தோற்றது. எரிக் ஃபிஷர், மிட்செல் ஷ்வார்ட்ஸ் என்ற இரு டாக்கிள்களும் காயத்தால் ஆடவில்லை. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் சாக் ஆனது மூன்றே முறை. எண்ணை மட்டும் பார்த்தவன், “அவ்வளவு மோசமில்லையே!” என்பான். ஆட்டத்தைக் கண்டவன் அறிவான், மஹோம்ஸ் அன்று பின்னும் பக்கவாட்டிலும் ஓடி உயிர் பிழைத்த கதையை. அந்த அணி அன்று ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை.

அணித் தலைமை அதனை உணர்ந்தது. அதே ஆண்டில் ஜோ தூனி, ஆர்லாண்டோ பிரவுன் என்ற அனுபவசாலிகளையும், கிரீட் ஹம்ஃப்ரி, ட்ரே ஸ்மித் என்ற இளைஞர்களையும் சேர்த்து வரிசையைப் புதிதாகக் கட்டியது. 2022 பருவத்தில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி 70 சாக் எடுத்து எதிரிகளை நடுங்கவைத்தது. அந்த ஈகிள்ஸுக்கு 2023 பிப்ரவரி இறுதி ஆட்டத்தில் கிடைத்த சாக் சுழி. சீஃப்ஸ் 38–35 என்று வென்றது. ஆனால் 2025 பிப்ரவரியில் அதே இரு அணிகளும் மீண்டும் மோதியபோது மஹோம்ஸ் ஆறு முறை வீழ்ந்தார். சீஃப்ஸ் 40–22 என்று தோற்றது. தூனி, ஹம்ஃப்ரி, ஸ்மித் மூவரும் இரு ஆட்டங்களிலும் இருந்தவர்களே. ஆயினும் கார்டான தூனி, ஆள் இல்லாக் குறையால் இடது டாக்கிளாக நிறுத்தப்பட்டிருந்தார். ஒருவரை இடம் மாற்றினால் இரண்டு இடங்கள் மாறுகின்றன. ஐவரும் ஒரே சங்கிலி என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

“வெற்றி தோல்வியைக் கொண்டு அளக்கலாமே” என்பாரும் உளர். அவர்களுக்கு ஜோ தாமஸ் என்ற பெயரே விடை. 2007இல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியில் இடது டாக்கிளாக நுழைந்த அவர், 2017இல் கைத்தசை கிழியும்வரை, தொடர்ந்து 10,363 ஆட்டத் தொடக்கங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் நின்றார். அவர் காலத்தில் அந்த அணி ஒரு முறையும் பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை. 2017இல் 16 ஆட்டங்களிலும் தோற்றது. அணியின் தோல்வியை அவர் மதிப்பெண்ணாகக் கொண்டிருந்தால், 2023இல் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா?

அப்படியானால் எதனால் அளப்பது? மூன்று அளவுகோல்களை நான் ஏற்பேன்.

முதலாவது காலம். இன்று ஆட்டக்காரர்களின் தோள்கவசத்தில் சிறு கருவி பொருத்தி, அவர்கள் அசைவைப் பதிவு செய்கிறார்கள். அதைக் கொண்டு, தடுப்பவன் இரண்டரை விநாடி தாக்குப்பிடித்தானா என்று ஈ.எஸ்.பி.என். நிறுவனம் கணக்கிடுகிறது. அதற்குப் பின் நேர்வதில் குவார்ட்டர்பேக்கின் பங்கும் கலந்துவிடுவதால், இது நேர்மையான எல்லை.

இரண்டாவது கடினம். தடுப்பவன் தனியே நின்றானா, பக்கத்தில் துணை இருந்ததா? பந்து எறியப்படப்போகிறது என்று எதிரி முன்னமே அறிந்திருந்தானா? இவற்றைக் கேளாத மதிப்பெண், வினாத்தாளைப் பாராமல் விடைத்தாளைத் திருத்துவது போன்றது.

மூன்றாவது, ஐவருள் மிக நலிந்தவன். நால்வர் வென்று ஒருவன் தோற்றால் அந்த ஆட்டமே தோற்கும். ஆகையால் ஐவரின் சராசரி நம்மை ஏமாற்றும்.

படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஒவ்வொருவனுக்கும் மதிப்பெண் இடும் முறையும் உண்டு. புரோ ஃபுட்பால் ஃபோகஸ் அதைத்தான் செய்கிறது. பயனுள்ள உழைப்பே. எனினும் கார்டுக்கும் டாக்கிளுக்கும் இடையே ஒரு எதிரி தடையின்றிப் புகுந்தால், அவன் யார் பொறுப்பு என்பது அணிக்குள் இருப்போர்க்கே உறுதியாகத் தெரியும். வெளியார் மதிப்பெண் ஒரு மதிப்பீடு. அதைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

இது வெறும் வாதமன்று. இந்த எண்களால் ஒருவன் ஊதியம் முடிவாகிறது. ஒருவன் வேலை போகிறது. அசோசியேட்டட் பிரஸ் அளிக்கும் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது 1982இல் பந்தை உதைக்கும் ஒருவருக்குக்கூடக் கிடைத்தது. முன்வரிசைக்காரன் எவனும் இதுவரை அதைப் பெற்றதில்லை. தவறினால் மட்டும் கண்ணில் படும் உழைப்புக்கு உலகம் தரும் கூலி இதுதான் போலும். நம் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பழுதின்றி வைத்திருப்பவரை, கருவி நின்றுபோகும் நாளில்தானே நாமும் தேடுகிறோம்?

நண்பர்களே, அடுத்த ஆட்டத்தில் ஒன்று செய்யுங்கள். பந்தைச் சற்று மறந்து, முதல் இரண்டரை விநாடி அந்த ஐவரை மட்டும் பாருங்கள். யார் வென்றார் என்று பிறகு வாதிடுவோம், வாருங்கள்.