பாதிரியார் திருத்திய தாள்

பரீட்சைக்கு உட்கார்ந்த பையனுக்கு வாத்தியாரே விடையைத் திருத்திக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டால் நாம் என்ன சொல்வோம்? “இதென்ன அநியாயம்!” என்போம். பையன் நம் வீட்டுப் பையனாக இருந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் யோசித்து, பேசாமல் இருந்துவிடுவோம்!

இத்தாலியில் பொலோனா என்ற நகரத்தில், 1770-ம் வருஷம் அக்டோபர் 9-ந் தேதி நடந்த ஒரு பரீட்சையில் அப்படித்தான் ஆயிற்று. பையனுக்கு வயது 14. பெயர் மோட்சார்ட். வாத்தியார் ஒரு கத்தோலிக்கத் துறவி, பெயர் மார்த்தினி.

மோட்சார்ட்டின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இல்லை. மார்த்தினியைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. தெரிந்ததாகச் சொல்லிக்கொள்கிற சிலரும், பிரெஞ்சு மொழியில் பிரபலமான ஒரு காதல் பாட்டுக்கு மெட்டமைத்தவர் இவர்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் வேறு ஆசாமி. ஜெர்மனியில் பிறந்து, பிரான்சுக்குப் போய், மார்த்தினி என்று பெயர் சூட்டிக்கொண்டவர். துறவியின் தலையில் காதல் பாட்டைக் கட்டுவது நியாயமில்லை, பாவம்!

நம்முடைய ஜோவான்னி பாட்டிஸ்டா மார்த்தினி 1706-ல் பொலோனாவிலேயே பிறந்தார். தகப்பனார் பிடில் வித்வான். சங்கீதம் வீட்டிலேயே ஆரம்பமாகிவிட்டது. சிறு வயதிலேயே பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். 1725-ல், 19 வயதில், ஊரிலுள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தின் சங்கீதப் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. 1729-ல் குருப்பட்டம் பெற்றார். அப்புறம் ஊரை விட்டு நகர்ந்ததே அபூர்வம். ரோமாபுரியிலிருந்துகூட அழைப்பு வந்தது, போகவில்லை. 1784-ல் அதே பொலோனாவில் காலமானார்.

ஊரை விட்டுப் போகாதவரைத் தேடி உலகம் வந்தது. சார்லஸ் பர்னி என்ற ஆங்கிலேய சங்கீத ஆராய்ச்சியாளர் 1770-ல் அவரைப் பார்க்கப் போனார். பாதிரியாருக்குக் கால் வீக்கம், ஓயாத இருமல். ஆனால் அவரைச் சுற்றிலும் புத்தகங்கள்! 17,000 இருக்கும் என்று பர்னி மதிப்பிட்டார். ஏழ்மை விரதம் பூண்ட ஒரு துறவியின் சொத்து இது. பல தேசத்து நண்பர்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவரும் கேட்கக் கூச்சப்பட்டதில்லை. அவருக்கு வந்தவையும் அவர் எழுதியவையுமாகச் சுமார் 6,000 கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

அவரிடம் படித்தவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்களில் ஒருவர் யோஹான் கிறிஸ்டியன் பாக். மேனாட்டு சங்கீதத்தின் பிதாமகர் என்று போற்றப்படும் பாக் என்பவரின் கடைசிப் பிள்ளை. தகப்பனாரை 14 வயதில் இழந்தவர். பிற்பாடு இத்தாலிக்கு வந்து மார்த்தினியிடம் பாடம் கேட்டார். பெரிய பாக்கின் பிள்ளைக்கு இன்னொருவர் சொல்லிக்கொடுக்க என்ன இருந்தது என்று கேட்கலாம். ‘கவுண்டர்பாயிண்ட்’ என்ற கலை இருந்தது.

அது என்ன என்று கேட்பீர்கள். ஒரு வீட்டில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் அதற்குச் சண்டை என்று பெயர். நாலு பேர் ஒரே சமயத்தில் நாலு வெவ்வேறு மெட்டுக்களைப் பாடி, ஒன்றோடொன்று மோதாமல், எல்லாம் சேர்ந்து காதுக்கு இனிமையாக இருந்தால் அதற்குக் கவுண்டர்பாயிண்ட் என்று பெயர். எந்த ஸ்வரத்துக்கு மேல் எது நிற்கலாம், எது நிற்கக்கூடாது என்று அதில் ஏகப்பட்ட விதிகள். அந்த விதிகளில் மார்த்தினியை மிஞ்சிய ஆள் அன்றைய ஐரோப்பாவில் இல்லை என்பது பொது அபிப்பிராயம்.

இந்த மனிதரிடம்தான் 1770 மார்ச் மாதம் லியோபோல்ட் மோட்சார்ட் தம் பிள்ளையை அழைத்து வந்தார். பாதிரியார் பையனைச் சோதித்துப் பார்த்தார். இரண்டொரு ஸ்வரங்களை மட்டும் எழுதிக் கொடுத்து, “இதை விரித்து எழுது” என்றார். பையன் எழுதினான். அடுத்த சந்திப்பிலும் அதே மாதிரி. அவ்வளவுதான், இருவருக்கும் பிடித்துவிட்டது. கோடையில் மோட்சார்ட்டுகள் திரும்பவும் பொலோனாவுக்கு வந்தபோது பாடம் தொடர்ந்தது.

பொலோனாவில் பிலார்மோனிக்கா என்ற சங்கீத மன்றம் உண்டு. 1666-ல் ஆரம்பித்தது. அதில் அங்கத்தினராக 20 வயது ஆகியிருக்க வேண்டும், பரீட்சையும் எழுதவேண்டும். வயது விஷயத்தில் பையனுக்கு விலக்குக் கிடைத்தது. பரீட்சைக்கு விலக்கில்லை. அவனை ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். தகப்பனாரை வேறோர் அறையில் பூட்டினார்கள்! பழைய தேவாலயப் பாட்டு ஒன்றைக் கொடுத்து, அதற்கு மேல் மூன்று குரல்கள் அமைக்கச் சொன்னார்கள்.

இதை லியோபோல்ட், சால்ஸ்பர்க்கில் மகளோடு காத்துக்கொண்டிருந்த மனைவிக்கு எழுதினார். அரை மணி கூட ஆகவில்லை, முடித்துவிட்டான். வாக்கெடுப்பில் எல்லாமே வெள்ளைக் குண்டுகள். உள்ளே அழைத்துக் கை தட்டினார்கள் என்றெல்லாம் எழுதினார். கடிதத்தைப் படித்த தாயாருக்கு எவ்வளவு பூரிப்பாக இருந்திருக்கும்! மன்றத்தின் பதிவேடு இவ்வளவு குதூகலமாக இல்லை. ஒரு மணிக்குள் முடித்தான், அவனுடைய சூழ்நிலையை உத்தேசித்துப் பார்த்தால் போதுமானது என்பதோடு நிறுத்திக்கொண்டது.

விஷயம் என்னவென்றால், தாள் ஒன்றல்ல, மூன்று. ஒன்று, பையன் தானாக எழுதியது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பழைய தேவாலய விதிகளுக்கு அடங்காமல் இஷ்டப்படி ஓடுகிறது. இன்னொன்று, மார்த்தினி தம் கையால் விதிப்படி எழுதியது. மூன்றாவது, அதைப் பார்த்துப் பையன் எழுதிய பிரதி. லியோபோல்ட் தம் மனைவிக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை!

பாதிரியார் செய்தது சரியா? கண்டிப்பானவர்கள் “இல்லை” என்பார்கள். எனக்கு என்னவோ அவரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. விதிகளை அவரைப் போல் அறிந்தவர் இல்லை. அந்த விதிகளில் சில வாரப் பழக்கமே உள்ள ஒரு சிறுவனை, விதிகளில் ஊறிப்போன பெரியவர்கள் எடை போடுகிறார்கள். அவனிடம் இருக்கும் சரக்கை இந்தத் தராசு காட்டாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பையன் அன்று தோற்று ஊருக்குத் திரும்பியிருந்தால், பழைய முறையே வேண்டாம் என்று வெறுத்திருக்கவும் கூடும்.

வெறுக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி உண்டு. 1776 செப்டம்பரில், 20 வயது மோட்சார்ட்டின் பெயரில் சால்ஸ்பர்க்கிலிருந்து மார்த்தினிக்கு ஒரு கடிதம் போயிற்று. கூடவே அவர் கவுண்டர்பாயிண்ட் முறையில் இயற்றிய ஒரு தேவாலய கீதம். அதைப் பார்த்துத் தயங்காமல் அபிப்பிராயம் சொல்லும்படி கேட்டிருந்தது. பதிலில் பாதிரியார் மனம் விட்டுப் பாராட்டினார். அதோடு விடவில்லை; சங்கீதத்துக்கு ஆயுள் முழுக்க அப்பியாசம் வேண்டும், நிறுத்திவிடாதே என்றும் எழுதினார்.

பாதிரியாருக்கு இன்னொரு ஆசையும் உண்டு. சங்கீத வித்வான்களின் படங்களைச் சேர்ப்பது. முந்நூறு வரை சேர்த்துவிட்டார். லண்டனில் புகழோடு இருந்த சிஷ்யர் பாக்கைக் கேட்டார். அவர் கெயின்ஸ்பரோ என்ற பெரிய ஓவியரை எழுதச் சொல்லி அனுப்பினார். மோட்சார்ட்டின் படம் 1777-ல் வந்தது. “சித்திரம் என்ற முறையில் பெரிய சரக்கில்லை, ஆனால் ஜாடை அப்படியே இருக்கிறது” என்ற கருத்தில் லியோபோல்ட் எழுதினார். தகப்பனார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அவர் எழுத ஆரம்பித்த சங்கீத சரித்திரம்தான் முடியவில்லை. முதல் பாகத்தில் 1757 என்று போட்டிருக்கிறது. மூன்றாவது 1781-ல் வந்தது. ஆதாம் காலத்திலிருந்து தொடங்கினார். மூன்று பாகங்களில் புராதன கிரேக்கர்கள் வரைக்கும்தான் வர முடிந்தது! அத்தியாயங்களின் தலைப்பிலும் முடிவிலும் விடுகதை மாதிரியான சின்னச் சின்னக் கீதங்களை வைத்துவிட்டுப் போனார். செருபினி என்ற இசை மேதை பிற்பாடு அவற்றை விடுவித்தார்.

அவர் இறந்த 12 வருஷத்துக்கெல்லாம் நெப்போலியனின் படை பொலோனாவுக்குள் வந்தது. மடங்கள் மூடப்பட்டன, அவருடைய ஆலயம் சுங்கச் சாவடியாகிவிட்டது. புத்தகங்கள் சிதறாமல் பார்த்துக்கொண்டவர் மத்தேயி என்ற துறவி. மார்த்தினியின் கடைசிக் காலத்தில் அருகிலேயே இருந்த சிஷ்யர். பிற்காலத்தில் இந்த மத்தேயியிடம் இரண்டு பிள்ளைகள் வந்து கவுண்டர்பாயிண்ட் படித்தார்கள். ஒருவர் ரோஸினி, மற்றவர் டோனிசெட்டி. இசை நாடகத்தில் இருவரும் எப்படிக் கொடி கட்டிப் பறந்தார்கள் என்பது தனிக் கதை.

பாதிரியாரின் புத்தகங்களும் படங்களும் இப்போது பொலோனாவின் சங்கீதக் காட்சிசாலைக்குச் சொந்தம்; அது 2004-ல் ஒரு பழைய மாளிகையில் திறக்கப்பட்டது. மோட்சார்ட்டின் பரீட்சைத் தாள்களையும் யாரும் கிழித்துப் போட்டுவிடவில்லை. மூன்றும் அந்த ஊரிலேயே பத்திரமாக இருக்கின்றன.