சத்தத்துக்கு ஏழு இலட்சம், டயருக்குக் கஞ்சத்தனம்

கட்டாரில் வேலை செய்கிற எங்கள் பழைய மாணவன் ஒருவன் போன வெள்ளிக்கிழமை வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தான். "சேர், டொயோட்டா 86 ஒன்று எடுத்திட்டன். 2013 மொடல், மெனுவல் கியர். ஆனா பிக்கப் காணாது. கராஜ்ல ஒரு லிஸ்ட் தந்திருக்காங்க. இதுல எதப் போட்டாச் சரி?" கூடவே அந்த விலைப்பட்டியலின் படம். மொத்தம் 9,000 றியால். எங்கள் காசில் ஏழு இலட்சத்துக்கு மேல்.

ஆசிரியர் அறையில் அந்தப் படத்தைப் பார்த்ததும் நாங்கள் இரண்டு கட்சியானோம். "வாப்பாட வீடு இன்னும் பூச்சு இல்லாமக் கிடக்கு, இவருக்கு ரேஸ் கார் கேக்குதா?" என்றது ஒரு கட்சி. மற்றக் கட்சி சிரித்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனது. அவன் கேட்ட கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அவன் கேட்டதோ எங்கள் பாடத்துக் கேள்வி. விசை = திணிவு × ஆர்முடுகல். தரம் 10 பிள்ளைகளுக்கு வருடா வருடம் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கிறோம். அதைப் படித்து நல்ல சித்தியும் எடுத்த பிள்ளை, ஆர்முடுகலை விலைக்கு வாங்கப் போன இடத்தில் அந்தச் சமன்பாட்டை மறந்து கராஜ்காரனின் லிஸ்ட்டை நம்புகிறான். அதனால் இந்தப் பதிவு கராஜ்காரனுக்கு எதிரானது மட்டுமல்ல. எங்களுக்கும் எதிரானதுதான்.

முதலில் லிஸ்ட்டைப் பார்ப்போம். ஐந்து சாமான்கள். திறந்த எயார் ஃபில்டர், பெரிய சைலன்சர், மிதிக்குப் பூட்டுகிற ஒரு சின்ன மின்னணுப் பெட்டி, 19 அங்குல ரிம், பின்னால் ஒரு சிறகு. அடியில் "35 குதிரைவலு கூடும்" என்று ஒரு வாக்குறுதி.

திறந்த ஃபில்டர் எஞ்சின் அறைக்குள் இருக்கிற காற்றைத்தான் இழுக்கும். அது கொதிக்கிற காற்று. காற்றுச் சூடாகினால் அடர்த்தி குறையும், அடர்த்தி குறைந்தால் எரிக்க ஒட்சிசன் குறையும். 15 பாகையில் இருக்கிற காற்றையும் டோஹாவின் கோடை மதியத்து 45 பாகைக் காற்றையும் ஒப்பிட்டால் அடர்த்தி 9 சதவீதத்துக்கு மேல் குறைவு. 200 குதிரைவலு எஞ்சினில் 18 குதிரை அந்த வெயிலோடேயே போய்விடுகிறது. அதற்கு மேல் எஞ்சினின் வெக்கையையும் குடிக்க வைப்பதற்குத்தான் காசு கேட்கிறார்கள்.

சைலன்சர் சத்தம் தரும். கூடவே சில குதிரைவலுவும் தரலாம், இருக்கையில் இருந்து உணர முடியாத அளவுக்கு. மின்னணுப் பெட்டி எஞ்சினைத் தொடுவதே இல்லை. கால்வாசி மிதித்தால் அரைவாசி மிதித்ததாக எஞ்சினுக்குப் பொய் சொல்லும், அவ்வளவுதான். முழுதாக மிதித்தால் பெட்டி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. 19 அங்குல ரிம் பெரும்பாலும் பாரம் கூடியது. சில்லின் பாரத்தை முன்னுக்கும் தள்ள வேண்டும், சுற்றவும் வைக்க வேண்டும். ஆகவே அது பிக்கப்பைக் குறைக்கிற சாமான். சிறகைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சிக்னலில் இருந்து புறப்படுகிற காருக்குச் சிறகு எதற்கு?

இனிக் கணக்குக்கு வருவோம். கொப்பி எடுங்கள்.

காரின் திணிவு சுமார் 1,240 கிலோ. ஓட்டுகிறவரோடு 1,315 என்று வைப்போம். மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 27.8 மீற்றர். அந்த வேகத்தில் காரிடம் இருக்கிற இயக்க சக்தி சுமார் 508 கிலோயூல். இந்தக் காரின் வலு 200 குதிரை, அதாவது 147 கிலோவாற்று. முழு வலுவும் முழு நேரமும் வீதிக்குப் போனால் 100ஐத் தொட மூன்றரைச் செக்கன் போதும். நிஜத்தில் அந்தக் காருக்கு எடுப்பது சுமார் 7.6 செக்கன். 508ஐ 7.6ஆல் பிரித்துப் பாருங்கள். சராசரியாக 67 கிலோவாற்று. காசு கொடுத்து வாங்கிய வலுவில் பாதி கூட வேகமாக மாறவில்லை. தம்பி, கையில் இருக்கிற 200இல் 110 எங்கே போகிறது என்று தேடாமல் இன்னும் 35 வாங்கப் போகிறாய்.

எங்கே போகிறது? ஒரு பகுதி காற்றோடும் கியர்ப்பெட்டியின் உராய்வோடும் போகும், அதைத் தடுக்க முடியாது. ஒரு பகுதி எஞ்சின் இன்னும் சுற்றியெழும்பாத நேரத்தில் கிடைக்காமலே போகிறது. ஒரு பகுதி கியர் மாற்றும்போது போகிறது. இந்தக் காரில் இரண்டாம் கியர் 96 அளவில் முடிந்துவிடும், 100ஐத் தொட மூன்றாவதுக்கும் மாற்றியாக வேண்டும். முதல் சில மீற்றர்களில் போகிறதுதான் டயரின் கணக்கு.

முதலாம் கியரில் இந்த எஞ்சின் பின் சில்லுகளால் வீதியைத் தள்ளக்கூடிய விசை சுமார் 8,300 நியூற்றன். வீதி தாங்குகிற விசை எவ்வளவு? ஆர்முடுகும்போது காரின் பாரத்தில் ஏறக்குறைய 56 சதவீதம் பின் சில்லுகளில் இருக்கும். டயரின் உராய்வுக் குணகம் 0.9 என்று வைத்தால் 6,500 நியூற்றன். மிச்சம் 1,800 நியூற்றன் சில்லை வீணாகச் சுற்ற வைக்கும். கம்பனி பூட்டி அனுப்பிய எஞ்சினே முதலாம் கியரில் டயரை வென்றுவிடுகிறது. இதற்கு மேல் வலு சேர்த்தால் புகை கூடும், கார் முன்னுக்குப் போகாது.

இன்னொரு விதமாகப் பார்ப்போம். உராய்வு மட்டுமே தடை, எஞ்சின் 1,000 குதிரை என்று கற்பனை செய்யுங்கள். காய்ந்து இறுகிப்போன டயரின் குணகம் 0.7 என்றால் 100ஐத் தொட ஏழரைச் செக்கனுக்குக் குறைய முடியாது. குணகம் 1 வருகிற நல்ல டயர் என்றால் அந்த எல்லை 5 செக்கன். எஞ்சினில் ஒரு ஆணியையும் தொடாமல் எல்லை இரண்டரைச் செக்கன் கீழே இறங்குகிறது. லிஸ்ட்டில் டயர் என்ற சொல்லே இல்லை.

அவனிடம் நாங்கள் கேட்டது ஒன்றுதான். "மகன், பின் டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். படமெடுத்து அனுப்பு." அனுப்பினான். 1419. அதாவது 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்த டயர். அத்தனை கோடையையும் பாலைவன வெயிலில் நின்று காய்ந்த டயர். "வாங்கும்போது பூ நல்லா இருந்திச்சு சேர்" என்றான். பூ இருந்தென்ன, றப்பர் செத்துவிட்டதே.

அடுத்த கேள்வி, என்ன பெற்றோல்? 91 அடிக்கிறான். 95ஐ விட விலை குறைவாம். இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 12.5க்கு 1. அவ்வளவு அமுக்கத்தில் ஒக்டேன் குறைந்த பெற்றோல் நேரத்துக்கு முன் வெடிக்கப் பார்க்கும். எஞ்சின் உடையாமல் இருக்க, காரின் கணினி தீப்பொறியைப் பிந்த வைக்கும். வலு குறையும். ஆக, அவன் தன் எஞ்சினைத் தானே கட்டிப்போட்டுவிட்டு, அவிழ்க்க 9,000 றியால் கொடுக்கப் பார்க்கிறான்.

மூன்றாவது கேள்வி, டிக்கிக்குள் என்ன? பாட்டுப் பெட்டி. 30 கிலோவாவது இருக்கும். அதை இறக்கி வைத்தால் திணிவு இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையும். நாலு குதிரைவலு சும்மா கிடைத்த மாதிரி. சமன்பாட்டில் விசைக்குப் பக்கத்தில் திணிவும் இருக்கிறது என்பதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. இறக்குவதற்கு விலைப்பட்டியல் போட முடியாதே.

அவன் சொல்கிற குறை பொய்யில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 3,500க்கும் 4,500க்கும் இடையில் ஒரு பள்ளம் உண்டு. மிதித்தாலும் இழுக்காது. கம்பனிக்கே அது தெரியும். 2021இல் அடுத்த தலைமுறைக் காரை இறக்கியபோது எஞ்சினை 2.4 லீற்றராக்கினார்கள். குதிரைவலு 200இல் இருந்து 235 ஆனது. அதைவிடப் பெரிய வேலை டோர்க்கில், அதாவது திருகுகிற வலுவில் நடந்தது. முன்பு 205 நியூற்றன்மீற்றர், அதுவும் 6,400 சுற்றுக்கு மேல்தான். இப்போது 250, அதுவும் 3,700இலேயே. 100ஐத் தொடும் நேரம் 6.3 செக்கனுக்கு இறங்கியது. ஆகவே எஞ்சினில் காசு போடத்தான் வேண்டுமென்றால், உச்சியில் எத்தனை குதிரை என்று கேட்காதே, அந்தப் பள்ளம் நிரம்புமா என்று கேள். புகை வெளியேறும் முன் குழாய்த் தொகுதியை மாற்றி, கணினியை அந்தக் காருக்கென்றே ஒழுங்குபடுத்தினால் நிரம்பும். புகை வடிகட்டியைக் கழற்றாமல் செய்கிறவனிடம் போ. முன்னும் பின்னும் அளந்து தாளில் அச்சடித்துத் தரமாட்டேன் என்கிறவனிடம் ஒரு றியாலும் கொடுக்காதே.

எங்கள் வரிசை இதுதான். முதலில் 95 பெற்றோல், புதுப் பிளக், எயார் ஃபில்டரைச் சுத்தமாக வைத்தல். பிறகு நாலு நல்ல டயர், கம்பனி சொன்ன காற்று. பிறகு பிரேக் பட்டையும் பிரேக் எண்ணெயும். எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்தால் மிதி தரை வரை போகும். பிறகு பாரம் குறைத்தல். பிறகு ஓட்டப் பழகுதல். கிளச்சை விடவும் கியர் மாற்றவும் பழகினால் கிடைக்கிற நேரத்தை எந்தச் சைலன்சரும் தராது. கடைசியில்தான் எஞ்சின்.

பிரேக்கை எஞ்சினுக்கு முன் வைத்தது பயத்தால் அல்ல. வேகம் 100இல் இருந்து 120 ஆனால் வேகம் கூடியது 20 சதவீதம், நிறுத்த வேண்டிய சக்தி கூடியது 44 சதவீதம். இதுவும் தரம் 10 கணக்குக்கு மேல் போகாது.

இப்போது எங்கள் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. "வீண் செலவு", "ஷைத்தான்ட வேலை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவது சுலபம். நாங்களும் அதைத்தான் செய்து வந்தோம். அதனால் நடந்தது என்ன? பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். விற்கிறவன் ஒருவன் மட்டும்தான் அவர்களோடு மரியாதையாகப் பேசுகிறான். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், பிள்ளைக்குத் தெரிந்ததில் இருந்து தெரியாததுக்குப் போ என்று. காரும் பைக்கும் பிள்ளைக்குத் தெரிந்தவை. நாங்களோ இன்னமும் உராயாத மேசையில் மரக்குற்றியை இழுத்துக்கொண்டு நிற்கிறோம்.

இது கட்டாரில் நிற்கிற விசயமும் இல்லை. அவன் ஸ்டேட்டஸில் போடுகிற வீடியோவை இங்கே 150 சிசி பைக் வைத்திருக்கிற தம்பிமார் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுச் சைலன்சரைக் கழற்றுகிறார்கள். இரவு பத்து மணிக்குக் கல்முனை–அக்கரைப்பற்று வீதியில் இழுக்கிறார்கள். அந்த வீதியில் மாடு படுத்திருக்கும், பின் விளக்கில்லாத சைக்கிள் போகும், தொழுதுவிட்டு வருகிற வயசாளி கடப்பார். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அது ஒழுங்குபண்ணிய ஓட்டப் போட்டி. அங்கேயே ஒரு கார் பாதையை விட்டு விலகி, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குள் பாய்ந்து 7 பேர் மவுத்தானார்கள். எங்கள் வீதியில் போட்டியும் இல்லை, நேரம் அறிவிப்பதும் இல்லை. பார்வையாளர் மட்டும் இருக்கிறார்கள், தாங்கள் பார்வையாளர் என்று தெரியாமலே.

இழுத்துப் பார்க்க ஆசையா? டோஹாவில் அதற்கென்றே பாதை இருக்கிறது. இங்கே கட்டுக்குருந்தையும் பன்னலையும் இருக்கின்றன. அங்கே போ. தலைக்கவசம் போட்டு, நேரம் அளந்து, டயர் மாற்ற முன் எத்தனை செக்கன், மாற்றிய பின் எத்தனை செக்கன் என்று எழுது. அதுதான் விஞ்ஞானம்.

அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. "டயருக்கு விலை கேட்டிருக்கன் சேர், ஆனா அந்தச் சத்தம் நல்லா இருக்கும்" என்று நேற்றிரவு எழுதியிருந்தான். இருக்கும்தான் மகன். சத்தம் வேண்டுமென்றால் சத்தம் என்று சொல்லியே வாங்கு, பிக்கப் என்று சொல்லி உன்னையே ஏமாற்றாதே.

அவனுடைய அனுமதியோடு, பெயரை மறைத்து, அந்த லிஸ்ட்டை அச்செடுத்து வைத்திருக்கிறோம். வருகிற தவணையில் தரம் 10க்கு நியூற்றன் விதி படிப்பிக்கிற நாளில் மரக்குற்றி அலுமாரிக்குள் இருக்கும். இந்தத் தாளைத்தான் கொடுக்கப் போகிறோம். ஐந்து சாமான்களில் எது விசையைக் கூட்டுகிறது, எது திணிவைக் கூட்டுகிறது, எது இரண்டையும் தொடவில்லை என்று பிள்ளைகளே எழுதட்டும்.