பணம் அனுப்பியது ஒருவர், வாகனப் புத்தகத்தில் இன்னொருவர்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருந்தால், அல்லது போக ஆயத்தமாகிக் கொண்டிருந்தால், பொறுமையாக வாசியுங்கள்.

அண்மையில் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தாய் மட்டும் வகுப்பு வாசலில் நின்றார். ஆறு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். மகள் என்னிடம்தான் படிக்கிறாள்.

"சேர், ஒரு கடிதம் எழுதித் தருவீங்களா? பொலிஸுக்குக் குடுக்கணும்."

விசயம் ஒரு த்ரீவீலர். முற்பணம் இவர் அனுப்பியது. மாதாமாதம் லீசிங் காசும் இவர் அனுப்பியது. ஊருக்கு வந்து பார்த்தால் வண்டி இல்லை. கொழுந்தன் அதை எடுத்துக்கொண்டு அவிசாவளைப் பக்கம் போய்விட்டார். கேட்டால், "ஓட்டினது நான், தவணை கட்டினது நான், புக்கும் என் பேர்ல" என்கிறாராம்.

"ஏம்மா புக்க அவர் பேர்ல போட்டீங்க?"

"நான் அங்க இருந்தேன் சேர். வீட்டுக்காரருக்கு லைசன் இல்ல. லீசிங்ல கையெழுத்து வைக்க ஆளு வேணும்னாங்க. கொழுந்தன்தானேன்னு விட்டுட்டோம்."

காசு அனுப்பிய துண்டுகள் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் உண்டியலில் அனுப்பியதாம். மீதி கொழுந்தனின் வங்கிக் கணக்குக்கே போயிருக்கிறது. பேசி முடிவு செய்ததெல்லாம் வட்ஸ்அப் வொயிஸில். அந்தப் போன் உடைந்துவிட்டது. பேனையை எடுத்து வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது? அந்த வண்டி இவருடையது என்று சொல்ல இவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இது தோட்டத்துக் கதை மட்டுமல்ல. எங்கள் ஆட்களிலும் இருக்கிறது. என் உறவில் ஒரு நானா கட்டாரில் பன்னிரண்டு வருடம் ட்ரைவர். அங்கே முதலாளியின் பெரிய ஜீப்பை ஓட்டினார், பிறகு சொந்தமாகவே ஒரு பழைய கார் வாங்கி ஓட்டினார். ஊரில் அவர் காசில் வாங்கிய கார் மச்சானின் பெயரில். இன்றைக்கு இரண்டு குடும்பமும் பெருநாளுக்குக்கூடப் பேசுவதில்லை.

எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் மாவனல்லையிலும் பலாங்கொடையிலும் இதை வாசிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு குடும்பமாவது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் இன்னொருவர் கையால் வாங்க வேண்டி வருகிறது? வளைகுடாவில் ஓட்டுகிற வாகனத்தை ஊருக்குக் கொண்டுவர முடியாது. அங்கே வீதியின் வலது பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் இடது பக்கம். இங்கே நேர்மாறு. ஆகவே அங்கே ஆசையாக வாங்கிய காரை அங்கேயே விற்றுவிட்டு வர வேண்டியதுதான். ஊருக்கு வாகனம் வேண்டுமென்றால் ஊரில்தான் வாங்க வேண்டும். ஆள் அங்கே, வாகனம் இங்கே. நடுவில் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த நடுவில் நிற்பவரின் பெயர்தான் கடைசியில் புத்தகத்தில் ஏறிவிடுகிறது.

வாகனத்தின் விலையும் லேசுப்பட்டதல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகள் என்ன விலைக்குப் போயின என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது இறக்குமதி வந்தாலும் சுங்க வரி, உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 சதவீத வற் வரி. ஒரு வாகனம் என்பது ஒரு பெண்ணின் பல வருட உழைப்பு. அவ்வளவு பெரிய காசை ஒரு வாய்ப்பேச்சில் கொடுத்துவிடுகிறோம்.

சட்டம் எதைப் பார்க்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனத் திணைக்களத்தின் ஆவணத்தில் 'பதிவு செய்யப்பட்ட உரிமையாளர்' என்று ஒரு பெயர் இருக்கும். லீசிங்கில் எடுத்தால், கடன் முடியும் வரை லீசிங் கொம்பனியின் பெயர் 'முழுமையான உரிமையாளர்' என்று அதிலேயே இருக்கும். கடன் முடிந்ததும் கொம்பனி விலகிக்கொள்ளும். வாகனம் யாருக்குப் போகும்? பதிவு செய்யப்பட்ட உரிமையாளருக்கு. குவைத்திலிருந்து காசு அனுப்பியவரின் பெயர் அந்தக் காகிதத்தில் எந்த இடத்திலும் இல்லை.

இன்னொரு ஆபத்து, 'ஓப்பன் பேப்பர்'. விற்றவர் கையெழுத்து வைத்த படிவத்தை, வாங்கியவர் பெயர் எழுதாமல் அலுமாரியில் வைத்திருப்பது. கைமாறினால் 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவித்து மாற்ற வேண்டும் என்பதுதான் முறை. நம் ஊரில் 14 மாதம் கடந்தும் மாற்றாமல் ஓடுகிற வண்டிகள் எத்தனை? அந்தப் படிவம் யார் கையில் கிடைக்கிறதோ, அவர் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

இதே பெயர் விளையாட்டு மறுபக்கமாகவும் நடந்தது. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்த வருடம் மே 1ஆம் திகதிக்குப் பிறகு வங்கி வழியாக அனுப்பிய காசில் பாதிப் பெறுமதிக்கு, வெளிநாட்டில் வேலை செய்பவர் ஒரு மின்சார வாகனம் இறக்கலாம் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் ஒரு தாய் மாதம் 300 டொலர் அனுப்பினால் வருடத்துக்கு 3,600. அதில் பாதி 1,800. அந்தக் காசுக்கு எந்த நாட்டில் மின்சாரக் கார் இருக்கிறது? திட்டம் அவருக்காக என்று சொன்னார்கள், ஆனால் அவர் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்கள். பிறகு அந்தப் பெர்மிட்டுகளில் முறைகேடு என்று குற்றச்சாட்டு எழுந்து விசாரணை வரை போனது.

சிங்களத்தில் படைவீரரை 'ரணவிருவோ' என்பார்கள். வெளிநாட்டில் உழைப்பவருக்கு அதே ஓசையில் 'ரட்டவிருவோ' என்று பெயர் வைத்தார்கள். பெயர் நல்லதுதான். ஆனால் வெளிநாட்டில் சேவை செய்யும் படைவீரரை ஒரு நாடு எப்படிக் கவனிக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கப் படைவீரர் குடும்பத்தோடு வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போகும்போது பெரும்பாலும் ஒரு காரை அரசாங்கமே கப்பலில் அனுப்பிக் கொடுக்கிறது. ஊரில் உள்ள சொத்தைப் பார்த்துக்கொள்ள அற்றோனித் தத்துவம் எழுத வேண்டுமென்றால், படையின் சட்ட உதவி அலுவலகத்தில் இலவசமாக எழுதிக் கொடுக்கிறார்கள். வீரர் தூரத்தில் இருக்கும்போது அவருடைய சொத்து கைமாறிவிடக் கூடாது என்பதை அந்த நாடு தன் பொறுப்பாக எடுக்கிறது. நம் வீராங்கனைக்கு விமான நிலையத்தில் ஒரு வரிசை கிடைத்தால் பெரிய விசயம். காகிதத்தை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது நாம் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "குடும்பத்துக்குள்ள எழுத்து எதுக்கு சேர்? நம்பிக்கை இல்லையா?"

முஸ்லிம் சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது? சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியது. சிறிய தொகையானாலும் பெரிய தொகையானாலும் எழுதச் சலிப்படையக் கூடாது என்று அதில் கட்டளை இருக்கிறது. எழுதுவது நம்பிக்கையின்மை என்றால் அந்த வசனம் ஏன் இறங்கியது? எழுதுவது உறவைக் காப்பாற்றத்தான்.

தோட்டத்து உறவுகளிடமும் ஒன்று கேட்கிறேன். செக்ரோலில் பெயர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தேன், பால் வெட்டினேன் என்று வாயால் சொன்னால் கணக்கப்பிள்ளை ஏற்றுக்கொள்வாரா? பரம்பரை பரம்பரையாக வாழும் லயத்துக்கு எங்கள் பெயரில் உறுதி வேண்டும், காணி வேண்டும் என்று எத்தனை காலமாகக் கேட்கிறீர்கள். அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயமானது. உழைத்தவன் பெயர் உறுதியில் இருக்க வேண்டும் என்று அரசாங்கத்திடமும் கம்பனியிடமும் கேட்கிற நாம், உழைத்தவளின் பெயரை நம் வீட்டு வாகனப் புத்தகத்தில் போட ஏன் தயங்குகிறோம்?

இன்னொரு வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. "வண்டி அடிபட்டா புக்குல பேர் உள்ளவங்களத்தான் தேடுவாங்க. குவைத்துல இருக்கிறவங்க எப்படி வழக்குக்கு வர்றது?" உண்மைதான், உரிமையோடு பொறுப்பும் வரும். ஆனால் அதற்குத்தான் காப்புறுதி இருக்கிறது. காப்புறுதி ஒழுங்காக இருந்தால், லைசன் உள்ளவர் மட்டும் ஓட்டினால், அந்தப் பயம் பெருமளவு குறையும். விபத்து நடக்கலாம் என்பதற்காக முழு வண்டியையும் இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது எந்தக் கணக்கு?

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

1. போவதற்கு முன்பே உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறவுங்கள். காசு அதற்குத்தான் வர வேண்டும். உண்டியலில் போகும் காசுக்கு நாளைக்குச் சாட்சி இல்லை.

2. வாகனம் உங்கள் பெயரில் பதியப்பட வேண்டும். இப்போது பதிவுக்கு வரி அடையாள இலக்கமும் கேட்கிறார்கள்; அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

3. உங்களுக்காக ஊரில் ஒருவர் கையெழுத்திட வேண்டுமென்றால், அந்த ஒரு வாகனத்துக்கு மட்டுமான விசேட அற்றோனித் தத்துவம் கொடுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் இலங்கைத் தூதரகத்தில் அதை உறுதிப்படுத்தலாம். ஊரில் பதிய வேண்டியதையும் பதியுங்கள். எல்லாச் சொத்துக்கும் பொதுவான தத்துவம் கொடுக்காதீர்கள்.

4. லீசிங் உங்கள் பெயரில் கிடைக்கவே இல்லை, வேறொருவர் பெயரில்தான் எடுக்க வேண்டும் என்றால், காசு யாருடையது, கடன் முடிந்ததும் வாகனம் யார் பெயருக்கு மாறும் என்று ஒரு சட்டத்தரணியிடம் போய் ஒப்பந்தம் எழுதுங்கள். லீசிங் ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று உங்கள் போனிலும் இருக்கட்டும். வட்டி பற்றி யோசிப்பவர்கள் இஜாரா முறையைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் பெயர் விசயத்தில் இதே கவனம் வேண்டும்.

5. ஓட்டுபவருக்கும் நியாயம் வேண்டும். கொழுந்தன் வெயிலிலும் மழையிலும் ஓட்டியது பொய்யல்ல. நாள் வருமானத்தில் அவருக்கு எவ்வளவு, தவணைக்கு எவ்வளவு, பழுதுபார்க்க எவ்வளவு என்று முதல் நாளே பேசி எழுதுங்கள். அவருடைய உழைப்புக்குக் கணக்கில்லாமல் போனதால்தான் முழு வண்டியையும் தன் கூலியாக எடுத்துக்கொண்டார். அது சரியென்று நான் சொல்லவில்லை. அந்த நிலைக்கு விடாதீர்கள் என்கிறேன்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும், கோயில் கமிட்டிக்கும், தோட்டத் தலைவர்மாருக்கும், என்னைப் போன்ற ஆசிரியர்மாருக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண் வெளிநாடு போகிறார் என்றால் வழியனுப்பப் போகிறோம். அதற்கு முதல் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து அவருடைய வங்கிக் கணக்கையும் காகிதங்களையும் சரிபார்த்துக் கொடுத்தால் என்ன? படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இதற்குக் காசு தேவையில்லை.

சவூதியில் பெண்கள் கார் ஓட்ட 2018 ஜூன் 24ஆம் திகதிதான் வழி திறந்தது. அதைப் பற்றி நம் ஊர்க் கடைகளில் எவ்வளவு பேசினோம். நம் நாட்டில் பெண் வாகனம் ஓட்டவோ சொந்தமாக வைத்திருக்கவோ சட்டத்தில் தடையே இல்லை. இருந்தும் அவர் காசில் வாங்கிய வண்டிக்கு அவர் பெயரை வைக்க நமக்கு மனம் வரவில்லை.

அந்தத் தாய்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதினேன். பொலிஸில் கொழுந்தனை அழைத்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். நல்லபடி முடிய வேண்டும் என்று துஆச் செய்கிறேன். போகும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"திரும்பப் போகணும் சேர். இந்தத் தடவ புள்ளைக்குப் படிப்புக் காசு மட்டுந்தான் அனுப்புவேன்."

இன்னொரு முறை போனால் இன்னும் எத்தனை வருடமோ. மகளுக்கு அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை.

பிழை இருந்தால் திருத்துங்கள். சட்டம் தெரிந்தவர்கள் கீழே விளக்கம் எழுதுங்கள். வெளிநாட்டில் உள்ள உங்கள் ஆட்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.