அவையும் அசைச்சொல்லும்

சென்ற பருவத்தில் நம் கல்லூரித் தமிழ்க் கழகத்தில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. மேடைக்குப் புதியவரான முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து பேசினார். பொருளை நன்கு ஆராய்ந்து வந்தவரே அவர். எனினும், வாக்கியத்திற்கு வாக்கியம் ‘வந்து’ என்னுஞ் சொல் இடைபுகுந்துகொண்டே யிருந்தது. பின்வரிசையிலிருந்த யாம் ஒரு தாளை எடுத்து, நிமிடத்திற்கு ஒரு வரியாகக் கோடிட்டு அவற்றை எண்ணலானோம். கோடுகள் பெருகச் சிரிப்பும் பெருகிற்று. அவர் அதனைக் கண்டார், நாக்குழறினார், முடிவுரை கூறாமலே இறங்கினார். அதன்பின் அவரைக் கழகத்திற் காண்கிலோம். அத்தாளை நோக்குந்தோறும் எம் உள்ளத்தெழும் எண்ணங்களை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

‘வந்து’, ‘அதாவது’, ‘என்னவென்றால்’, ‘பார்த்தீர்களானால்’ என்பன இக்கால மேடையின் அசைச்சொற்கள். இவற்றிற்கு இலக்கணம் காட்டி அமைதி கூறுவாரும் உளர். தொல்காப்பியனார் இடையியலில் அசைநிலைக்கு இடந்தந்தார், செய்யுளில் ‘அரோ’வும் ‘மாதோ’வும் வருகின்றன, அங்ஙனமாக, பேச்சில் வருவது மட்டும் குற்றமோ என்பது அவர் வினா. செய்யுட்குச் சீரும் தளையும் உண்டு. ஓசை நிறைதற்பொருட்டுப் புலவன் தேர்ந்து அமைத்த சொல் அது. நம் ‘வந்து’வோ, அழையாமலே வந்து அமர்வது, அமர்ந்தபின் எழுந்து போகாதது. நன்னூலார் நூலுக்குக் கூறிய பத்துக் குற்றங்களுள் வெற்றெனத் தொடுத்தலும் நின்று பயனின்மையும் உள. அவை பேச்சிற்கும் பொருந்துவனவே.

இனி, இக்குறை ஏன் நேர்கின்றது? கல்லாமையால் என்பர் பலர். யாம் அதற்கு உடன்படோம். கற்றுத் தெளிந்தாரும் மேடையில் ‘வந்து’ என்கின்றனர். ஆங்கிலப் பேச்சின் இடையிடையே எழும் ‘அஹ்’, ‘அம்’ என்னும் ஒலிகளை ஆராய்ந்து, ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்னும் அறிஞர் இருவர் 2002-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவ்வொலிகள் வெற்றொலிகள் அல்ல. சொல்வதிற் சிறிது தாமதம் நேரப்போகின்றது என்று கேட்பார்க்கு அறிவிப்பன என்பது அவர்தம் முடிபு. நம் ‘வந்து’வும் அத்தகையதே என்பது எம் கருத்து. திண்ணையில் நால்வர் உரையாடுங்கால், ஒருவர் சற்றே வாய்மூடின் மற்றொருவர் பேச்சைப் பற்றிக்கொள்வர். ஆகவே, ‘யான் இன்னும் முடிக்கவில்லை, பொறுமின்’ என்பதற்கு அறிகுறியாக அங்கு ஓர் அசைச்சொல் வேண்டியதாகின்றது. மேடையோ தலைவர் பெயர்சொல்லி அழைத்து அளித்த இடம். மணியடிக்கும் வரையில் அதனைப் பறிப்பார் எவருமிலர். திருடர் இல்லாத இடத்தில் காவல் எதற்கு?

ஆதலின், இக்குறைக்கு முதல் மருந்து மௌனம். அடுத்த சொல் தோன்றாவிடின் வாளா நிற்க. பேசுவார்க்கு நெடிதாகத் தோன்றும் அவ்வமைதி கேட்பார்க்குக் குறிதே. முன்னர்க் கேட்டதனை உள்ளத்திற் பதித்துக்கொள்ள அஃது உதவுகின்றது. நம் காலை வழிபாட்டில் ஒரு நிமிடம் வாய்திறவாது நிற்கின்றோம். அதனைக் குறையென்று எவருங் கருதுவதில்லை. அங்ஙனமிருக்க, மேடையில் இரண்டு நொடிக்கு அஞ்சுவது என்னை?

இரண்டாவது மருந்து குறுவாக்கியம். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் நிற்பது. எச்சங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்வார் முற்று எங்கேயெனத் தடுமாறுவர். அத்தடுமாற்றத்திற்றான் ‘வந்து’ புகுகின்றது. அதுதானும் ஒரு வினையெச்சமே. தனக்கொரு முற்றுக் கிட்டாமல் அலைகின்ற எச்சம்! விரைவில் முடியும் வாக்கியங்களாற் பேசுக. முடிந்த இடத்தில் மூச்சு வாங்குக. தொடக்க வாக்கியத்தையும் இறுதி வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துகொள்க. நண்பர் ஒருவரை விடுதியறையில் இருத்தி, அவர் முன் பேசி, அசைச்சொற்களை எண்ணித் தருமாறு வேண்டுக. அறையில் ஒருவர் அன்புடன் எண்ணுவது மருந்து. அவையிற் பலர் நகைத்து எண்ணுவது நஞ்சு.

இதனைக் கூறுங்கால் எம் தாளை மீண்டும் நோக்குகின்றோம். முதல் மூன்று வரிகளில் நான்கும் ஐந்துமாக நின்ற கோடுகள், சிரிப்பு எழுந்த பின்னர் வரிக்குப் பத்தினைக் கடந்துவிட்டன. யாம் எண்ணியவற்றுட் பாதி யாமே விளைத்தவை! வள்ளுவர் அவையஞ்சாமை என ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வச்சத்தைத் தருவது அவையன்றோ? கேட்போர் நகைக்குங்கால், மேடை திண்ணையாகிவிடுகின்றது. தன் இடம் பறிபோகும் என்று அஞ்சிப் பேசுவார் ‘வந்து’வைப் பற்றிக்கொள்கின்றார். ஆகவே, பேசுவார் மௌனத்திற்கு அஞ்சாமை வேண்டும். கேட்பார் அம்மௌனத்தைப் பொறுத்தல் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் மற்றது பயன்படாது.

அம்மாணவரிடம் சென்று யாம் எம் பிழைக்கு வருந்தினோம். வரும் ஆண்டின் முதற் கூட்டத்தில் பேசுமாறு வேண்டினோம். ‘எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன், அண்ணா’ என்றார். அவர் பேச இசைவாராயின், யாம் முன்வரிசையில் அமர்ந்திருப்போம். எம் கையிற் தாள் இராது. நண்பர்களே, நீவிரும் வருக. அவர் பேச்சின் இடையே நிற்குங்கால், நாமும் அவருடன் சற்றே அமைந்திருப்போம்.