உள்ளங்கையில் ஓர் ஒற்றன்



“ஒற்றாடலுக்கென வள்ளுவரே ஓர் அதிகாரம் வகுத்துள்ளாரே! அரசு நம் கைப்பேசியை உளவு பார்த்தால் மட்டும் பிழையாகுமோ, ஐயா?” என்று பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னை வினவினான். கற்ற பெரியோர் பலரும் இவ்வினாவை நெஞ்சில் வைத்துக்கொண்டே வாளாவிருக்கின்றனர். ஆதலின், விடையை அனைவர்க்குமாக எழுதுகின்றேன்.

இசுரேல் நாட்டு என்.எசு.ஓ. நிறுவனம் ஆக்கிய உளவு மென்பொருள் ‘பெகாசசு’. கிரேக்கத் தொன்மத்துச் சிறகுடைக் குதிரையின் பெயர் அது. பெயர்தான் குதிரை, செயலோ கன்னக்கோல்! 2019-இல் புலனம் எனப்படும் வாட்சாப்பு வழியாக ஏறத்தாழ 1,400 கருவிகள் அதன் குறிக்கு ஆளாயின. அழைப்பு வந்தாற் போதும், எடுத்துப் பேசவும் வேண்டா, உள்ளே புகுந்துவிடும். புகுந்தபின் மடல்களைப் படிக்கும், ஒலிவாங்கியைத் திறந்து வீட்டுப் பேச்சைக் கேட்கும், படக்கருவியை இயக்கும். உடையவர் ஒன்றும் அறியார்.

கொடியோரைப் பிடிக்கவே அரசுகட்கு விற்கின்றோம் என்பது அந்நிறுவனத்தார் கூற்று. அங்ஙனமாயின், 2016-இல் குறிவைக்கப்பட்டவர் யார்? ஐக்கிய அரபு நாட்டு மாந்தவுரிமைப் போராளி அகமது மன்சூர்! 2021-இல் வெளிப்பட்ட 50,000 எண்கள் கொண்ட பட்டியலில் செய்தியாளரும் வழக்கறிஞரும் எதிர்க்கட்சியினரும் இடம்பெற்றது எங்ஙனம்? தமிழ்நாட்டு இயக்கத்தார் சிலரின் எண்களும் அதிலுண்டெனச் செய்தி வந்ததே! பட்டியலிலுள்ளோர் அனைவரும் உளவு பார்க்கப்பட்டனர் என யாம் கூறோம். ஆயினும், இவர்களுள் கொடியோர் யாவர்?

வள்ளுவர் ஒற்றை ஒப்பினார், உண்மை. ஆனால், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஆய்ந்தறியச் சொன்னார். ஒருவரையொருவர் அறியா மூவர் சொல்லும் ஒத்தாலன்றித் தெளியற்க என்றார். ஒற்றனையும் ஐயுற்று அவனுக்கு வேலி கட்டியவர் அவர். செங்கோன்மையை முன்வைத்த பின்னரே ஒற்றாடலை வைத்தார்.

இன்று அவ்வேலி எங்கே? தனியுரிமை அடிப்படையுரிமையே என 2017-இல் உச்சநீதிமன்ற நடுவர் ஒன்பதின்மர் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 2021-இல் அம்மன்றமே பெகாசசு பற்றி வினவியபோது, நடுவணரசு ‘நாட்டுக் காப்பு’ என்னும் திரைக்குப் பின் ஒளிந்தது. மன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளை ஆய்ந்து, ஐந்தில் தீய மென்பொருளைக் கண்டது. அது பெகாசசுதான் என உறுதிசெய்ய இயலவில்லை. நடுவணரசு ஒத்துழைக்கவில்லை எனக் குழு உரைத்ததாக 2022-இல் மன்றமே அறிவித்தது.

“மறைக்க ஒன்றுமில்லையேல் அஞ்சுவானேன்?” என்று மக்களை வினவுவோர், அதே வினாவை ஆள்வோரிடம் வினவுக!

நாம் கேட்பவை மூன்றே. நடுவரின் முன்னிசைவின்றி எவர் கைப்பேசியிலும் அரசு புகலாகாது. வாங்கிய உளவுக் கருவிக்கு நாடாளுமன்றத்தில் கணக்குக் காட்டல் வேண்டும். குற்றமற்றார் உளவு பார்க்கப்பட்டிருப்பின், அதனை அவர்க்கு அறிவித்தல் வேண்டும்.

மாணவனே, இதுவே விடை: வேலியிட்ட ஒற்று காவல், வேலியற்ற ஒற்று களவு. களவைக் கண்டும் வாய்மூடி இருத்தல் தமிழர்க்கு அழகன்று!