ஊசிக்கு முன் ஒரு காந்தம்

ஆண்மக்கள் தம் மனைவியரிடத்தும் வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோய்கள் சில உள. முன்னிற்கும் சுரப்பியில் உண்டாகும் புற்றுநோய் அவற்றுள் ஒன்று. புரொஸ்டேட் என்று வைத்தியர்கள் வழங்கும் இச்சுரப்பி, சலப்பையின் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்து அமைந்துள்ளது. பெரியதொரு நெல்லிக்கனியின் அளவினது. உறுப்புச் சிறிதே, ஆயினும் 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கணும் ஏறக்குறைய 14 இலட்சத்து 70 ஆயிரம் ஆடவரிடத்தில் இப்புற்றுநோய் கண்டறியப்பட்டது. நான்கு இலட்சம் பேர் வரையில் அவ்வாண்டில் அதனால் மாண்டனர். ஆகவே, நாணத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, இந்நோயைக் கண்டறியும் முறையில் அண்மையில் நேர்ந்துள்ள பெரியதொரு மாற்றத்தை நம் இல்லங்களில் யாவரும் அறிந்துகொள்ளுதல் நன்று.

இரு முகங் கொண்ட நோய்

இந்நோய்க்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு முகம் கொடியது. எலும்புவரை பரவி உயிரைக் குடிப்பது. மற்றது, முதியவர் உடலிலே பல்லாண்டு உறங்கிக் கிடந்து, அவர் வேறு காரணத்தால் இறக்கும்வரை யாதொரு தீங்கும் செய்யாதது. எனவே வைத்தியரை வருத்தும் வினா, புற்றுநோய் உண்டா இல்லையா என்பது மட்டுமன்று. உள்ளது எம்முகத்தது என்பதே பெரிய வினா.

பீ.எஸ்.ஏ. எனப்படும் புரதத்தைக் குருதியில் அளக்கும் பரிசோதனையை, இந்நோயைக் கண்டறிய உதவுவதென 1994இல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. அப்புரதத்தின் அளவு உயர்ந்திருப்பின் ஐயங்கொள்ள இடமுண்டு. ஆனால் முதுமையினாற் சுரப்பி பருத்தாலும், அதில் அழற்சி உண்டானாலும் அவ்வளவு உயரவே செய்யும். ஐயந் தீர்க்க வைத்தியர்கள் கையாண்ட வழி யாது? செவிக்கு எட்டாத ஒலியலையை எழுப்பும் கருவியை மலவாசல் வழியே செலுத்தி, அதன் துணைகொண்டு சுரப்பியின் பல பாகங்களிலும் ஊசியைப் பாய்ச்சி, பத்துப் பன்னிரண்டு நுண்ணிய துண்டுகளை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் ஆராய்ந்தனர்.

ஒலியலை சுரப்பியின் உருவைக் காட்டுமேயன்றிப் புற்றுநோய் இருக்கும் இடத்தைத் தெளிவுறக் காட்டுவதில்லை. அரிசி மூடையில் ஆங்காங்கே குத்தூசி விட்டுப் பார்க்கும் வியாபாரி, மூலையிற் கிடக்கும் வண்டைக் காணாது போதல் இயல்பு. அது போன்றே, ஊசி கொடிய கட்டியைத் தவறவிட்டு, தீங்கற்ற சிறு புள்ளியைத் தொட்டுவிடவும் கூடும். தவறவிடப்பட்டவர் ஆபத்தை உணராது வீடு திரும்புவார். தீங்கற்ற புள்ளியுடையவரோ சத்திர சிகிச்சைக்கும் கதிர்ச் சிகிச்சைக்கும் ஆளாகி, சிறுநீரை அடக்கமாட்டாமையும் இல்லறவாழ்விற் குறைபாடும் எய்தக்கூடும். இவ்விரண்டும் குடும்பத்தைத் தாக்கும் துன்பங்களே.

காந்தம் காண்பது எவ்வாறு?

இங்கேதான் காந்தப் பரிவுப் படம், அதாவது எம்.ஆர்.ஐ., துணைக்கு வருகிறது. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இதன் தத்துவத்தை எளிதில் உணரலாம். நமது உடலின் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஐதரசன் அணுக்கள் இரண்டு உள. அவ்வணுவின் கரு, சுழலும் பம்பரம் போன்றதொரு நுண்ணிய காந்தம். பூமியின் காந்தத்தைவிட ஏறக்குறைய அறுபதாயிரம் மடங்கு வலிய காந்தக் குழலினுள்ளே மனிதனைக் கிடத்தினால், இப்பம்பரங்களுட் சிறியதொரு பங்கு காந்தத்தின் திசைக்கு இணங்கி நிற்கும். வானொலி அலையொன்றை அனுப்பினால் அவை சாயும். அலை நின்றதும் மீண்டு நிமிரும். நிமிரும்போது அவை விடுக்கும் மெல்லிய குறிப்புகளைக் கணனி தொகுத்து உள்ளுறுப்பின் படமாக ஆக்கித் தருகின்றது. இதில் எக்ஸ் கதிரின் வேலை எதுவுமில்லை.

அணுக்கருவின் இவ்வியல்பை 1946இல் அமெரிக்காவிற் கண்டவர்கள் பீலிக்ஸ் புளொக், எட்வேர்ட் பேர்செல் ஆகியோர். இதனைக் கொண்டு படம் ஆக்கலாமென 1973இற் காட்டியவர் போல் லோற்றர்பேர். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமிலே அம்முறையை மேலும் வளர்த்தவர் பீற்றர் மான்ஸ்பீல்ட். பின்னிருவரும் 2003இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

சுரப்பியை ஆராயும்போது ஒரு படத்தோடு வைத்தியர் அமைவதில்லை. முதலாவது படம் சுரப்பியின் அமைப்பைக் காட்டும். இரண்டாவது படம் நீர் மூலக்கூறுகளின் நடமாட்டத்தைக் காட்டும். நல்ல இழையத்தில் நீர் ஓரளவு தாராளமாக உலாவும். புற்றுநோய்க் கலங்கள் நெருங்கி அடைந்த இடத்திலோ, திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவனைப் போல நகரமாட்டாது திணறும். மூன்றாவது படம், குருதியிற் செலுத்திய கதோலினியம் என்னும் உலோகம் கலந்த மருந்து எங்கே விரைந்து பாய்கிறது என்பதைக் காட்டும். இவற்றை ஒருங்கே நோக்கி, ஐயத்தின் அளவை 1 முதல் 5 வரை இலக்கமிட்டு வைத்தியர் குறிக்கின்றார்.

பரீட்சையிற் பெற்ற புள்ளிகள்

புதியது என்பதற்காக ஒன்றை மெய்யென ஏற்றல் விஞ்ஞானமன்று. பிரித்தானியாவில் 11 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 576 ஆடவர்க்குப் பழைய ஊசி முறையும் எம்.ஆர்.ஐ. முறையும் செய்யப்பட்டன. ஒன்றின் முடிவை மற்றதைச் செய்தவர்க்குக் கூறவில்லை. உண்மையை அறியும் பொருட்டு, சுரப்பி முழுவதையும் 5 மில்லிமீற்றருக்கு ஒன்றாக ஊசியிட்டும் பார்த்தனர். 2017இல் முடிவு வெளியாயிற்று. கொடிய வகையுடைய நூறு பேரில் பழைய முறை 48 பேரையே கண்டது, எம்.ஆர்.ஐ. 93 பேரைக் கண்டது.

அடுத்த ஆண்டில், லண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியைச் சேர்ந்த வீரு காசிவிசுவநாதன் முதலியோர் 11 நாடுகளில் 500 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. முதலிற் படம் பிடித்து, ஐயமுள்ள இடத்திற்கே ஊசி செலுத்தியபோது, கொடிய வகை நூற்றுக்கு 38 பேரிடம் அகப்பட்டது. பழைய முறையில் 26 பேரிடமே அகப்பட்டது. தீங்கற்ற வகையோ 22இலிருந்து 9 ஆகக் குறைந்தது. படம் பிடித்தவர்களில் நூற்றுக்கு 28 பேர் ஊசியே இன்றி வீடு சென்றனர். கண்டறியவேண்டியதைக் கூடுதலாகவும், கண்டறியவேண்டாததைக் குறைவாகவும் காண்பதே இதன் சிறப்பு.

2025இல் வெளியான மற்றோர் ஆய்வு, மூன்றாவது படத்தை விட்டு முதலிரண்டு படங்களோடு அமைந்தாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றே என்று காட்டியது. மருந்துச் செலவு இல்லை. அரை மணிக்கும் மேற்பட்ட பரிசோதனை 15, 20 நிமிடங்களில் முடியும். இயந்திரங்கள் குறைந்த நாடுகளுக்கு இது நற்செய்தியாகும். ஆனால் படம் தெளிவாக அமைதல் வேண்டும். அதனைப் படிக்கும் கண்ணும் பயின்றதாதல் வேண்டும்.

மறவாதிருக்க வேண்டியவை

எம்.ஆர்.ஐ. தீர்ப்பு வழங்கும் நீதிபதியன்று, வழிகாட்டியே. மேற்கூறிய பிரித்தானிய ஆய்விலேயே, கொடிய வகை இல்லாதவர்களுட் பலரையும் அது ஐயத்துக்குரியவராகக் காட்டியது. ஆதலின் ஐயம் எழுந்த இடத்தில் ஊசி இன்னமும் வேண்டியதே. படம் நன்றாயிருந்த பத்துப் பேரில் ஒருவரிடம் நோய் மறைந்திருத்தலும் கூடும். ஆதலின் குருதிப் பரிசோதனையைத் தொடர்தல் வேண்டும். இதயத்திற் கருவி பொருத்தியவர்களும், கண்ணில் இரும்புத் துகள் புகுந்தவர்களும் காந்தத்தை அணுகுமுன் அதனை மறவாது கூறுதல் வேண்டும்.

இன்னுமொன்று: புற்றுநோய் என்றதும் கத்தியை நாடி ஓடவேண்டியதில்லை. சுரப்பிக்குள் அடங்கிய நோயுடைய 1,643 பேரைப் பிரித்தானிய வைத்தியர்கள் மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சத்திர சிகிச்சையும், ஒரு பிரிவினர்க்குக் கதிர்ச் சிகிச்சையும் அளித்து, மூன்றாம் பிரிவினரைக் கண்காணித்து வந்தனர். பதினைந்து ஆண்டுகளின் பின் நோக்கியபோது, எப்பிரிவிலும் இந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு மூவர் அளவினரே. இவ்வுண்மை 2023இல் வெளியாயிற்று.

தொடக்க நிலையில் இந்நோய் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. முதியவர்க்கு உண்டாகும் சிறுநீர்த் தடையோ பெரும்பாலும் புற்றுநோயல்லாத வீக்கத்தினால் வருவது. எனினும் ஐம்பதைக் கடந்தவர்களும், தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் வந்திருப்பின் அதற்கு முன்னரேயும், பரிசோதனையின் நன்மை தீமைகளை வைத்தியரோடு கலந்து பேசுதல் நன்று. தந்தையார் பேசக் கூசுவாராயின், மக்கள் அப்பேச்சைத் தொடங்கட்டும். எந்தக் காந்தமும் தன்னிடம் வராதவனின் நோயைக் காட்டமாட்டாது.